வீட்டுக்குள் ஒரு வார்டு: ‘சாப்பாடு வேண்டாம்’ என்று தாத்தா சொன்னால், நர்ஸ் முதலில் எதைப் பார்ப்பார்?

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்கு 74 வயது. மூன்று மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் சரியாக இயங்கவில்லை. பேச்சும் கொஞ்சம் குழறுகிறது. காலையில் மருமகள் இட்லியைப் பிசைந்து, சாம்பார் ஊற்றி எடுத்து வருகிறார். இரண்டு வாய் உள்ளே போனதும் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

“போதும்மா.”

“ரெண்டு வாய்தான் மாமா சாப்பிட்டிருக்கீங்க.”

“வேணாம்னா விடேன்.”

நான்கு நாள்களாக இதே கதை. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். “வயசானா அப்படித்தான்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். “பிடிவாதம்” என்கிறார் மகன். “அவருக்கு கருவாட்டுக் குழம்பு இருந்தா இறங்கும்” என்கிறார் பாட்டி.

ஐந்தாம் நாள், வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் வருகிறார். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய் ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வந்தவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, தட்டில் மீதமிருக்கும் இட்லியைப் பார்க்கிறார். “ஏன் சாப்பிட மாட்டேங்கிறீங்க” என்று அவர் கேட்பதில்லை. அவருடைய கேள்வி வேறு.

“தாத்தா, எங்க கஷ்டமா இருக்கு? வாயிலயா, முழுங்கும்போதா, வயித்துக்குள்ள போனப்புறமா?”

அந்த ஒரு கேள்விக்குள் நர்சிங் படிப்பின் பல பாடங்கள் இருக்கின்றன. உதட்டில் தொடங்கி இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடல் வரை போகும் பாதையில், எந்த இடத்தில் தடங்கல் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வி. அவர் பார்ப்பதில் பாதியை நம் வீட்டிலும் பார்க்க முடியும். ஒரு டார்ச்சும் ஐந்து நிமிடமும் போதும்.

முதல் நிறுத்தம்: வாய்

நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு, முதலில் பல் செட்டைக் கழற்றச் சொல்கிறார். செட்டை மாட்டியபடியே வாயைப் பார்ப்பது, பாயை எடுக்காமல் தரையைப் பெருக்குவது போலத்தான். அடியில் இருப்பது தெரியாது.

வாயைப் பார்ப்பதற்கு ஒரு முறையான பட்டியலே உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் புற்றுநோயாளிகளைக் கவனித்துவந்த நர்ஸ் ஜூன் ஐலர்ஸும் அவருடைய சகாக்களும் 1988-ல் வெளியிட்டது. குரல், விழுங்குதல், உதடு, நாக்கு, எச்சில், வாயின் உட்சவ்வு, ஈறு, பல் அல்லது பல் செட் என மொத்தம் எட்டு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். எல்லாம் நன்றாக இருந்தால் கூட்டுத்தொகை 8. மிக மோசம் என்றால் 24. பள்ளி மார்க்குக்கு நேர் எதிர். இங்கே குறைவாக வாங்குபவரே ஆரோக்கியமானவர்.

மதிப்பெண் போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் பார்க்க வேண்டியவை இவை:

* உதடு: வெடிப்பு, ஓரங்களில் புண் இருக்கிறதா?
* நாக்கு: ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கிறதா? வறண்டு, வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கத்தையும், இரண்டு ஓரங்களையும் பாருங்கள்.
* கன்னத்தின் உட்பக்கம்: பழைய சோறு ஒதுங்கியிருக்கிறதா? வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு உண்டா?
* எச்சில்: தண்ணீர்போல இருக்கிறதா, நூல்போல இழுபடுகிறதா?
* ஈறு: வீக்கம், ரத்தக்கசிவு உண்டா?
* வாய் திறப்பு: அவருடைய மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைகின்றனவா?

நம் தாத்தாவின் வாயில் மூன்று விஷயங்கள் கிடைத்தன. பல் செட் இருந்த இடத்தில் மேல் அண்ணம் முழுக்கச் சிவந்து, ஆங்காங்கே தயிர் ஒட்டியதுபோல வெள்ளை. மரத்துப்போன வலது கன்னத்துக்குள் நேற்று ராத்திரி ஊட்டிய சோறு. இடது கன்னத்தின் உள்ளே, விரல் நகம் அளவுக்கு ஒரு தடித்த வெள்ளைத் திட்டு.

இரண்டு வெள்ளை, இரண்டு அர்த்தம்

தயிர் ஒட்டியதுபோல இருக்கும் வெள்ளையை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அடியில் சிவந்திருக்கும். இது பூஞ்சைத் தொற்று. ராத்திரியும் பல் செட்டைக் கழற்றாதவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், தொடர்ந்து ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் ஆகியோருக்கு இது வரும். நாக்கில் எரிச்சல், ருசியே தெரியாமல் போவது, விழுங்கும்போது வலி எல்லாம் இதனால் வரலாம். டாக்டர் தரும் பூஞ்சை மருந்தில் சரியாகிவிடும். இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பினாலே பெருமளவு தவிர்க்கலாம்.

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு வேறு வகை. அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்க வாய்ப்பு உண்டு. எல்லாத் திட்டும் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால், எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சிவப்புத் திட்டு இன்னும் கவனிக்க வேண்டியது.

“தாத்தா, அந்தப் பக்கம் என்ன அடக்கி வைப்பீங்க?” என்று நர்ஸ் கேட்கிறார். தாத்தா பதில் சொல்லவில்லை. பாட்டிதான் சொல்கிறார். “முப்பது வருஷமா வெத்தலை, பாக்கு, பொகையிலை. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம்தான் விட்டாரு.”

இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. புகையிலை கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். பாக்கு மட்டும் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள்தான் இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு வாயின் உட்சவ்வைத் தோல்போல இறுகச் செய்யும். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாய் திறப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மூன்று விரல் நுழையாத வாய் அதற்கான எச்சரிக்கை.

நாள் கணக்கும் முக்கியம். சூட்டினால் வந்தது என்று நாம் சொல்லும் சாதாரண வாய்ப்புண் வலிக்கும். ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் ஆறாத புண், காரணம் தெரியாத கட்டி, திட்டு இருந்தால், வலி இல்லை என்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி இல்லாததால்தான் பலர் மாதக்கணக்கில் காட்டாமல் விடுகிறார்கள்.

வாயை எட்டிப் பார்ப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். திருவனந்தபுரம் பகுதியில் 1996-ல் தொடங்கிய பெரிய ஆய்வு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. சந்தேகம் இருந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் இருந்தவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம், பரிசோதனை நடக்காத பகுதிகளைவிட 34 சதவீதம் குறைவாக இருந்தது. வீடு தேடிப் போய் வாயைப் பார்த்ததும், சந்தேகப்பட்டவர்களை உரிய இடத்துக்கு அனுப்பியதும்தான் அந்த வித்தியாசத்தை உண்டாக்கின.

வாயைக் கழுவுவதும் வைத்தியம்தான்

படுக்கையில் இருப்பவருக்குத் தினமும் உடம்பு துடைக்கிறோம், முதுகில் பவுடர் போடுகிறோம். வாய் மட்டும் விட்டுப்போகிறது. “அவர்தான் சாப்பிடவே இல்லையே, எதுக்குப் பல் தேய்க்கணும்” என்று சொல்பவர்களும் உண்டு. வாய் வழியாகச் சாப்பிடாதவரின் வாய்தான் வேகமாகக் கெடுகிறது. எச்சில் குறைவதால் கிருமிகள் பெருகும். அந்த எச்சில் புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். மூக்கில் டியூப் இருந்தாலும் வாய் சுத்தம் கட்டாயம் என்று நர்ஸ்கள் சொல்வது இதனால்தான்.

வீட்டில் செய்யும் முறை இது:

* தலைப்பக்கம் நன்றாக உயர்த்திக்கொள்ளுங்கள். முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.
* குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ், அதில் பச்சைப் பட்டாணி அளவைவிடக் குறைவாக பேஸ்ட். நாளைக்கு இரண்டு முறை பல், ஈறு, நாக்கு. துப்ப முடியாதவருக்கு ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.
* வாய் கொப்பளிக்க முடிந்தவருக்கு, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து கொடுக்கலாம். விழுங்கக் கூடாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணை எரிய வைக்கும், வாயை இன்னும் வறளச் செய்யும்.
* பல் செட்டை ராத்திரி கழற்றி, பிரஷால் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், செட் வளைந்துவிடும்.
* உதட்டுக்கு வாசலின் தடவலாம். ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வாசலின் வேண்டாம். தண்ணீரில் கரையும் ஜெல்லை நர்சிடம் கேட்டு வாங்குங்கள்.
* பற்களுக்கு நடுவே உங்கள் விரலை விடாதீர்கள். நினைவு தெளிவில்லாதவர் சட்டென்று கடித்துவிடக்கூடும்.

இரண்டாம் நிறுத்தம்: தொண்டை

வாயைச் சுத்தம் செய்த பிறகு, தாத்தாவை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுக்கிறார் நர்ஸ். கழுத்தில் விரல் வைத்து, குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார். பிறகு “ஆ... சொல்லுங்க தாத்தா” என்கிறார். குரல் கொழகொழவென்று, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. அத்தோடு நிறுத்திவிடுகிறார்.

பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் தசைகளும் பாதிக்கப்படும். சாப்பிடும்போது இருமல், மூக்கு வழியாக உணவு வருவது, கண்ணில் நீர், குரல் மாறுவது, சாப்பிட நெடுநேரம் ஆவது, அடிக்கடி சளியும் காய்ச்சலும் வருவது எல்லாம் அதன் அடையாளங்கள். சிலருக்கு இருமலே வராமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதனால், இருமவில்லை என்பதால் பயமில்லை என்று நினைக்க முடியாது. பயிற்சி இல்லாமல் வீட்டிலேயே தண்ணீர் கொடுத்துச் சோதிப்பதும் ஆபத்து.

புரையேறும் பயம் வந்தவர் சாப்பாட்டையே வெறுப்பார். நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம்.

ஊட்டிவிடுபவர்கள் மனதில் வைக்க வேண்டியவை: நிமிர்ந்து உட்கார வைத்த பிறகே ஊட்டுங்கள். நீங்களும் எதிரே உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து பார்ப்பார், புரையேறும். சின்ன ஸ்பூன், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். பலமுள்ள பக்கமாக ஊட்டுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் வேண்டாம். முடித்த பின் கன்னத்துக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கச் செய்யுங்கள்.

இவர்களுக்குக் கெட்டிச் சோற்றைவிடத் தண்ணீர்தான் பல சமயம் கஷ்டம். வேகமாக ஓடி வழி தவறும். கஞ்சி, கூழ் பதம் எளிதாக இருக்கலாம். யாருக்கு எந்தப் பதம் என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூக்கில் டியூப் போட்டு அனுப்பியிருந்தால், ஒவ்வொரு முறையும் மூக்கருகே உள்ள குறி இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தாலோ, இருமலும் மூச்சுத்திணறலும் இருந்தாலோ எதையும் ஊற்றாதீர்கள். நீங்களாக உள்ளே தள்ளவும் வேண்டாம். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். வடிகட்டிய உணவை, சிரிஞ்சை அழுத்தாமல், உயரமாகப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் டியூப் அடைக்காது. எல்லா மாத்திரையையும் பொடி செய்து டியூபில் போடக் கூடாது. எதைப் போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நிறுத்தம்: வயிறு

கடைசியாக நர்ஸ் கேட்பது மாத்திரைப் பை. பக்கவாதத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரின் அதில் இருக்கிறது. கூடவே, மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மகன் வாங்கி வந்த வலி மாத்திரையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வரவும், ரத்தம் கசியவும் வாய்ப்பு அதிகம். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது என்பது முழு உண்மை அல்ல. அந்த மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைக் குறைக்கும். அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது, மறுபடியும் பக்கவாதம் வரலாம். டாக்டரிடம் இரண்டையும் காட்டி முடிவு செய்ய வேண்டும்.

அல்சர் என்றால் காரம் சாப்பிட்டதால் வந்தது, கவலைப்பட்டதால் வந்தது என்றே உலகம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்ற பாக்டீரியாதான் முக்கியக் காரணம் என்றார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைக் கலக்கித் தானே குடித்தார். சில நாள்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அல்சர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கிருமி அல்லது வலி மாத்திரைதான் காரணம். கிருமி இருந்தால் டாக்டர் சொல்லும் ஆன்டிபயாடிக்கை முழு நாள்களும் முடிக்க வேண்டும்.

நெஞ்செரிச்சல் வேறு. இரைப்பை அமிலம் மேலே உணவுக்குழாய்க்கு ஏறுவதால் வருவது. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேர இடைவெளி, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை, இடது பக்கமாகப் படுப்பது, தொப்பையைக் குறைப்பது எல்லாம் உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அமுங்கும். குளிர்ந்த பால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கலாம், பிறகு அமிலம் மறுபடியும் சுரக்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பதும் சரியல்ல.

இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம்

உடனே மருத்துவமனை, தேவைப்பட்டால் 108:

* ரத்த வாந்தி, அல்லது காபித்தூள்போல வாந்தி.
* தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் மலம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். சந்தேகம் இருந்தால் காட்டிவிடுங்கள்.
* திடீரென்று வயிறு பலகைபோல இறுகி, தாங்க முடியாத வலி.
* உணவு தொண்டையில் சிக்கி எச்சில்கூட இறங்காத நிலை. மூச்சுத்திணறல்.
* நெஞ்சில் அழுத்தம், வியர்வை, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி. இதை ‘வாயு’ என்று சோடா குடித்து, ஓமம் மென்று நேரம் கடத்திய வீடுகள் ஏராளம். அது மாரடைப்பாக இருக்கலாம்.

சில நாள்களுக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டியவை:

* இரண்டு வாரமாக ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு.
* முதலில் சோறு, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர் என்று விழுங்குவது படிப்படியாகக் கஷ்டமாவது.
* காரணமில்லாமல் எடை குறைவது, சட்டை தொளதொளவென்று ஆவது.
* வயதானவர்களுக்குப் புதிதாகத் தொடங்கும் அஜீரணம், தொடர் வாந்தி, ரத்தசோகை.

புகையிலையை விட நினைப்பவர்கள் 1800 112 356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.

மறுபடியும் அந்த வீடு

தாத்தாவின் ‘வேண்டாம்’ என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருந்தன. அண்ணத்தில் எரிச்சல், தொண்டையில் பயம், கன்னத்தில் ஒரு திட்டு. பூஞ்சைக்கு டாக்டர் மருந்து கொடுக்கிறார். விழுங்கும் பயிற்சிக்கு வழி செய்யப்படுகிறது. வலி மாத்திரை நிற்கிறது. திட்டிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க அரசு மருத்துவமனையில் தேதி வாங்கியாகிவிட்டது. முடிவு என்னவாக இருந்தாலும், தெரிந்துகொள்வது சீக்கிரமாக நடக்கும்.

பத்து நாள் கழித்து, மருமகள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்ன ஸ்பூனில் ராகிக் கூழ் ஊட்டுகிறார். அவசரமில்லை. கிண்ணம் பாதிக்கு மேல் காலியாகிறது. முடித்ததும் மொபைல் டார்ச்சை ஆன் செய்கிறார்.

“எங்க மாமா, ஆ காட்டுங்க.”

தாத்தா முணுமுணுத்துக்கொண்டே வாயைத் திறக்கிறார். கன்னத்துக்குள் மிச்சம் எதுவும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். தாத்தா பாட்டிக்கு மட்டுமல்ல, பாக்கு போடும் அப்பாவுக்கும், கண்ணாடி முன் நின்று உங்களுக்கும்.